தூக்கிச் செல்லும் தச்சுப்பட்டறை

தோட்டத்து வீடுகளில் மரச்சாமான் பழுதாகும்போது அதைச் சீர்ப்படுத்த ஆள் கிடைப்பது இக்காலத்தில் எளிதன்று. முன்னாளில் பெரிய தோட்டங்களில் ஆசாரி ஒருவர் இருப்பார். கதவு, சன்னல், பள்ளிக்கூடத்துப் பெஞ்சு, கோவில் வாகனம் யாவும் அவர் கைக்கே போகும். இன்று அத்தகைய ஆசாரிகள் அருகிவிட்டனர். கால் உடைந்த மேசை சுவரோரம் சாய்ந்து கிடக்கிறது. பின்னர் அடுப்புக்குப் போகிறது. அதன்பின் தவணை முறையில் புதிய மேசை வருகிறது.

ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிடுவோம். தொழிலாளர்க்கு அளிக்கப்பட்ட வீட்டின் கூரை, கதவு, சுவர் ஆகியவற்றை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமையாகும். 1990-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வீட்டுவசதித் தரச் சட்டம் இதனை வற்புறுத்துகிறது. எனவே ஒழுகும் கூரையைத் தொழிலாளியே தம் செலவில் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று நாம் இங்கே கூறவில்லை. நாம் பேசுவது வீட்டினுள் இருக்கும் சொந்தப் பொருள்களைப் பற்றி: கட்டில், அலமாரி, பிள்ளைகள் படிக்கும் மேசை, சாமி மாடம். இவற்றைச் செய்யவும் செப்பனிடவும் ஒரு குடும்பத்திற்குப் போதுமான கருவிகளையும், அவற்றை வைக்கும் பெட்டியையும், வேலை செய்யும் மேசையையும் பற்றியே இக்கட்டுரை.

பட்டறை ஏன் தூக்கிச் செல்லத்தக்கதாக இருத்தல் வேண்டும்? இடநெருக்கடி ஒரு காரணம். காலையில் பால்வெட்டுக்குப் போய்த் திரும்புபவருக்குப் பிற்பகலில் வாசலோரம் கிடைக்கும் சிறிது இடமே பட்டறை. மாலையில் அதைக் காலிசெய்துவிட வேண்டும். ஆனால் பெரிய காரணம் வேறு. தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்த வீடு. வேலை முடியும்போது வீடும் முடிகிறது. 2013-ஆம் ஆண்டு முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகும். ஓய்வு பெற்றவர் குடிபெயர வேண்டும். தோட்டமே கைமாறிப் போவதும் உண்டு. மலாக்கா மாநிலத்தில் ரப்பர் நின்ற நிலங்கள் பல முதலில் செம்பனையாயின. பட்டணத்தை அடுத்தவை வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு நிலையான பட்டறை அமைத்தவர் அதை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பெட்டியில் அடங்கிய பட்டறையோ, அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடிக்கும் உடன் வரும். தையல் இயந்திரத்தை விட்டுவிட்டு எந்தத் தாயும் தோட்டத்தை விட்டு வந்ததில்லை. தச்சுப் பெட்டியையும் அவ்வாறே கருதலாம்.

மரம் நம் மரமே

மலாயாவின் முதல் ரப்பர்த் தோட்டம் மலாக்காவிலேதான் தோன்றியது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த எச். என். ரிட்லியின் தூண்டுதலால் டான் சே யான் என்பவர் 1896-ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் அசகானில் மிகப் பெரிய அளவில் பயிரிட்டார். அன்று முதல் நெடுங்காலம் மரத்தின் பாலுக்கே மதிப்பு, மரத்திற்கு மதிப்பில்லை. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரங்களை வெட்டிப் புகைக்கூடத்திலும் செங்கற்சூளையிலும் எரித்தோம். வெட்டிப் போட்ட சில நாள்களிலேயே கறுத்துப் பூசணம் பிடித்துத் துளை விழும் மரத்தை வேறு என்ன செய்வது?

மரத்தில் மிகுந்திருக்கும் மாச்சத்தே இதற்குக் காரணம். பூசணமும் துளைப்பூச்சியும் அதை நாடி வருகின்றன. அறுத்த பலகைகளைக் காலந்தாழ்த்தாமல் போரான் உப்புக் கரைசலில் இட்டு, அழுத்தத்தின் மூலம் மருந்தை உட்செலுத்தி, சூளையில் உலர்த்தினால் இக்குறை நீங்கும். இம்முறை தொழிற்சாலைகளில் பரவியபின், 1980-களில் ரப்பர் மரம் மேசை நாற்காலித் தொழிலின் முதன்மை மரமாகிவிட்டது. வெளிநாட்டுச் சந்தையில் அதற்கு 'மலேசிய ஓக்' என்றும் பெயரிட்டு விற்றனர். ஓக் மரத்திற்கும் அதற்கும் உறவேதும் இல்லை. கேசாங் ஆற்றைக் கடந்தால் ஜோகூரின் மூவார் வட்டாரம். நாட்டின் மரச்சாமான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஜாசினில் இருப்பவர்க்கு அது தொலைவன்று.

பதப்படுத்திய ரப்பர் மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ 560 முதல் 640 கிலோ எடையுள்ளது. நடுத்தர எடை, இழைத்தால் வழவழப்பாகும், வெளிர் நிறம். நம் பெட்டிக்கும் மேசைக்கும் மிகவும் ஏற்றது. ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு. தோட்டத்தில் வெட்டிக் கிடக்கும் பச்சை மரத்தை எடுத்து நேரே வேலை செய்தல் ஆகாது. அது காயும்போது சுருங்கி முறுக்கிக்கொள்ளும், பொருத்துகள் கழன்றுவிடும், ஓரிரு மாதங்களில் வெண்மாவு போன்ற தூள் கொட்டத் தொடங்கும். அத்தூள் துளைப்பூச்சியின் வேலை. அன்றியும், வெட்டிய மரம் தோட்டத்தின் சொத்து அல்லது ஏலம் எடுத்தவரின் சொத்து; அனுமதியின்றித் தொடுதல் கூடாது. மரச்சாமான் தொழிற்சாலைகள் கழித்துப்போடும் துண்டுப் பலகைகளைக் கேட்டுப் பெறுவதே நல்ல வழி. அவை ஏற்கெனவே மருந்திட்டு உலர்த்தப்பட்டவை. துண்டுகள் குறுகியனவாக இருப்பினும் நம் பெட்டிக்கு 70 செ.மீ. நீளமே போதும்.

மருந்திட்ட ரப்பர் மரமும் மழைக்கு ஆகாது என்பதை மறத்தல் கூடாது. போரான் உப்பு நீரில் கரைந்து வெளியேறிவிடும். வேலை முடிந்ததும் மேசையை வாசலில் விட்டுவைத்தால் மரம் மீண்டும் பழைய ரப்பர் மரந்தான். ரப்பர் மரம் கிடைக்காதவர் மெராந்தி மரத்தைப் பயன்படுத்தலாம். அது இன்னும் இலேசானது, ஆணி எளிதில் ஏறும்.

என்னென்ன கருவிகள்

கடையில் அழகாக அடுக்கி விற்கும் நூறு கருவிகள் கொண்ட தொகுதிகளை வாங்க வேண்டுவதில்லை. அவற்றில் பாதி, பெட்டியை விட்டு வெளியே வாரா. 20 அங்குல நீளமுள்ள கைவாள் ஒன்று, பொருத்துகளை அறுக்க முதுகுத்தகடு வைத்த சிறு வாள் ஒன்று, நடுத்தர இழைப்புளி ஒன்று. கால் அங்குலம், அரை அங்குலம், ஓரங்குலம் என மூன்று உளிகள். கொட்டாப்புளி, ஆணி பிடுங்கும் பிளவுள்ள சுத்தியல், மூலைமட்டம், பலகையின் விளிம்புக்கு இணையாகக் கோடு கிழிக்கும் வரைகட்டை, கைத்துளைப்பான், திருப்புளி, குறடு, வாள்பல் தீட்டும் முக்கோண அரம், சாணைக்கல், அளவு நாடா, பென்சில். இவையே போதும். மின்கருவி வேண்டுமென்றால் துளைப்பானை மட்டும் மின்கலத்தால் இயங்குவதாக வாங்கலாம், மற்றவற்றுக்கு அவசரமில்லை. உளியும் இழைப்புளியும் மட்டும் தரமானவையாக இருத்தல் வேண்டும். மலிவான உளி பத்து அடியில் மழுங்கும். மழுங்கிய உளிதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும்.

கருவியைத் தீட்டுவதில் பால்வெட்டுத் தொழிலாளர்க்கு யாரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. நாள்தோறும் விடியுமுன் கத்தியைக் கல்லில் தீட்டி, ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பட்டையைச் சீவி, உள்ளே இருக்கும் வளர்படலத்தில் காயம்படாமல் கத்தியை நிறுத்துகிறார். அந்தக் கை உளியைப் பிடிக்கும்போது பாதித் தச்சுவேலை முன்பே கற்றாயிற்று என்றே சொல்லலாம். பட்டணத்துப் பயிற்சிக்கூடங்களில் சேரும் இளைஞர்கள் முதலில் வாரக்கணக்கில் பழகுவது இதைத்தான். வேறுபாடு ஒன்றுண்டு: உளியின் முதுகுப்புறம் முற்றும் தட்டையாக இருத்தல் வேண்டும், சாய்வுப்புறத்தை மட்டுமே 25 முதல் 30 பாகை சாய்வில் தீட்ட வேண்டும்.

பெட்டி

மேசையை முதலில் செய்வதா, பெட்டியை முதலில் செய்வதா? பெட்டியையே முதலில் செய்க. கருவிகளுக்குப் பாதுகாப்பு உடனே கிடைக்கிறது. அதோடு மேசை செய்யும்போது அமர்ந்து அறுக்க அதுவே ஆசனமாகவும் உதவுகிறது. நம் நாட்டுப் பழைய ஆசாரிகள் தரையில் அமர்ந்து, கால்விரலால் மரத்தைப் பிடித்து வேலை செய்தவர்களே.

பெட்டியின் நீளத்தை முடிவு செய்வது கைவாள். 20 அங்குல வாள் கைப்பிடியோடு சேர்ந்து 60 செ.மீ.-க்குச் சற்று மேலே வரும். எனவே பெட்டியின் உள்நீளம் 66 செ.மீ. இருக்கட்டும். ஒன்றரைச் செ.மீ. கனப் பலகையில் செய்தால் வெளிநீளம் 69 செ.மீ.; அகலம் 28; மூடியோடு உயரம் 28. அடிப்பகுதிக்கு 9 மி.மீ. ஒட்டுப்பலகை ஏற்றது. வெறும் பெட்டி ஏழரைக் கிலோ அளவில் இருக்கும். கருவிகளை அடுக்கினால் 16 கிலோவுக்கு அருகில் வரும். இதற்கு மேல் பெரிதாக்கினால் தூக்கிச் செல்லும் பெட்டி என்ற பெயருக்குப் பொருளில்லை.

மூலைகளில் புறாவால் வடிவப் பொருத்துச் செய்தால் அழகுதான். ஆனால் முதற்பெட்டிக்கு அது வேண்டுவதில்லை. நீளப் பலகைகளின் இரு முனைகளிலும் அரைச் செ.மீ. ஆழத்தில் பள்ளம் அறுத்து, பக்கப் பலகையை அதில் பதித்து, வெள்ளைத் தச்சுப் பசை தடவி, ஒவ்வொரு மூலையிலும் நான்கு திருகாணி முடுக்கினால் நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். ரப்பர் மரத்தின் முனையில் நேரே ஆணி அடித்தால் பிளந்துவிடும், முன்னதாகத் துளையிட்டுக்கொள்க. அடிப்பலகையின் கீழே குறுக்காக இரண்டு சிறு கட்டைகளைப் பொருத்தினால் ஈரத் தரையில் பெட்டி படாது.

கைப்பிடிக்கு இரும்பு வளையத்தைக் காட்டிலும் கயிறே மேல். பக்கப் பலகையில் இரு துளையிட்டுத் தடித்த கயிற்றைக் கோத்து உள்ளே முடிச்சிட வேண்டும். மோட்டார் சைக்கிளில் கட்டும்போது அது உடம்பிலோ வண்டியிலோ இடிப்பதில்லை.

பெட்டியினுள் ஒரு விதியைக் கடைப்பிடித்தல் போதுமானது: கூர்முனை ஒன்று மற்றொன்றோடு உரசக்கூடாது. வாள்கள் இரண்டும் மூடியின் உட்புறத்தில் சுழல்கட்டையால் பிடிக்கப்பட்டிருக்கும். இழைப்புளி தரையில் ஒரு மூலையில், சிறு தடுப்புக்குள். உளிகளுக்கு, பெட்டியின் பாதி நீளத்திற்கு முன்னும் பின்னும் நகரும் தட்டு ஒன்று. அதில் ஒவ்வோர் உளிக்கும் ஒரு பள்ளம். தட்டை நகர்த்தினால் அடியில் இருப்பது தெரியும். மூடிக்குக் கீல் இரண்டும் பூட்டுக் கொண்டியும் கட்டாயம் தேவை. சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டாத தச்சுப் பெட்டி ஆபத்து.

மேசை

தூக்கிச் செல்லத்தக்க மேசையின் சிக்கல் ஒன்றே ஒன்று. இலேசாக இருந்தால் இழைக்கும்போது தள்ளிக்கொண்டு போகும். கனமாக இருந்தால் தூக்க முடியாது. மேசையின் கீழ்ச் சட்டங்களின்மேல் கருவிப்பெட்டியை ஏற்றிவைப்பதே இதற்கு வழி. 16 கிலோப் பெட்டி மேசையைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். வேலை முடிந்ததும் பெட்டியை இறக்கினால் மேசை மீண்டும் இலேசாகிவிடும். பெட்டியும் மேசையும் ஒன்றை ஒன்று தாங்கும் இவ்வமைப்பினால்தான் இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும் என்கிறோம்.

மேற்பலகை 110 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம், நாலரைச் செ.மீ. கனம். அவ்வளவு கனமான ஒற்றைப் பலகை கிடைக்காவிடில் துண்டுச் சட்டங்களை நெட்டுக்குத்தாக அடுக்கிப் பசையிட்டு ஒட்டிக்கொள்ளலாம். அதுவே முறுக்காமலும் இருக்கும். இதன் எடை ஆறரைக் கிலோ. கால்கள் இரண்டு சோடி. ஒவ்வொரு சோடியும் கீழே 45 செ.மீ. விரிந்தும் மேலே குறுகியும் நிற்கும். ஒவ்வொரு சோடியையும் மேலே ஒரு குறுக்குச் சட்டமும் தரையை ஒட்டி ஒரு குறுக்குச் சட்டமும் இணைக்கின்றன. இவ்விரு காற்சட்டகங்களுக்கும் இடையே இரண்டு நீளச் சட்டங்கள். அவற்றின் முனைகளைக் கழுந்தாகச் செதுக்கி, அதாவது சதுரமாக ஒடுக்கி, கீழ்க் குறுக்குச் சட்டத்துத் துளை வழியாக வெளியே நீட்டி, நீண்ட முனையில் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். பசையும் வேண்டா, திருகாணியும் வேண்டா. ஆப்பைத் தட்டினால் மேசை நிற்கும். ஆப்பைப் பிடுங்கினால் பிரிந்து ஒரே கட்டாகிவிடும்.

அளவுகளில் கவனம் தேவை. சட்டகங்களுக்கு இடையில் 76 செ.மீ. இருந்தால் 69 செ.மீ. பெட்டி எளிதில் நுழையும். நீளச் சட்டங்களின் மேல்விளிம்பு தரையிலிருந்து 14 செ.மீ.-க்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பெட்டியின் மூடி நிமிர்ந்து திறக்க இடமிராது. ஒவ்வோர் உளிக்கும் பெட்டியை இழுத்து வெளியே வைக்க நேரும். மேசையின் உயரம் அவரவர் உயரத்தைப் பொறுத்தது. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே இழைப்பதற்கு ஏற்றது. பலருக்கு அது 78 செ.மீ. அளவில் இருக்கும். கடையில் விற்கும் சாப்பாட்டு மேசையின் உயரத்தைப் பார்த்துச் செய்தல் வேண்டா.

மரத்தைப் பிடித்தல்

தச்சுவேலையில் வெட்டுவதைக் காட்டிலும் மரம் அசையாமல் பிடித்துக்கொள்வதே கடினம். இதை ஒரு பொறியாளர் அதிகச் செலவில் கற்றார். தென்னாப்பிரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் கார் வடிவமைப்பாளராக இருந்த ரான் ஹிக்மன், 1961-ஆம் ஆண்டில் வீட்டில் அலமாரி செய்கையில் விலையுயர்ந்த நாற்காலி ஒன்றைப் பட்டறையாகப் பயன்படுத்தி, மரத்தோடு நாற்காலியையும் அறுத்துவிட்டார். அதன் விளைவாக அவர் உருவாக்கிய மடக்கு மேசையைப் பெரிய நிறுவனங்கள் விலைபோகாதென்று தள்ளின. அவரே செய்து விற்றார். பின்னர் 1973-இல் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 'வொர்க்மேட்' என்ற பெயரில் அதைச் செய்யத் தொடங்கியது. 2011-இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 3 கோடி மேசைகள் விற்றிருந்தன. அதன் சிறப்பு மேற்பலகையே இரண்டாகப் பிரிந்து மரத்தைக் கவ்விக்கொள்வது.

நம் மேசைக்கு இரும்புக் கவ்வி வேண்டுவதில்லை. மேற்பலகையின் இடது முனையில் சதுரத் துளையிட்டு, இறுக்கமாக மேலும் கீழும் நகரும் தடைக்கட்டை ஒன்றைப் பொருத்துக. இழைக்கும் பலகை அதில் முட்டி நிற்கும். பலகையின் கனத்தைவிடத் தடை சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையேல் இழைப்புளியின் வாய் கட்டையில் மோதும். பலகையின் விளிம்பை இழைப்பதற்கு, மேசையின் முன்பக்கத்தில் சாய்வான பள்ளமுள்ள கட்டை ஒன்றைத் திருகி, பலகையை அதில் செருகி ஆப்பு இட்டால் அசையாது. குறுக்கே அறுப்பதற்கு, ஒரு சாண் அகலப் பலகையின் ஒரு முனையில் கீழாகவும் மறுமுனையில் மேலாகவும் கட்டை ஒட்டிய கொக்கிப்பலகை போதும். கீழ்க்கட்டை மேசை விளிம்பில் பிடித்துக்கொள்ள, மேற்கட்டையில் மரத்தை அழுத்தி அறுக்கலாம். இம்மூன்றையும் துண்டு மரத்திலேயே ஒரு பிற்பகலில் செய்துவிடலாம். இவற்றோடு இரும்புப் பற்றிறுக்கி இரண்டு வாங்கி வைத்தால், பசையிட்டு ஒட்டும்போது அவையும் உதவும்.

உளியால் செதுக்கும்போது மற்றக் கை எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். மரத்தூளை விழுங்கிக்கொண்டு வேலை செய்வது நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அணிக. மீந்த ரப்பர்ப்பால் படிந்த வாளில் பற்கள் அடைத்துக்கொள்ளும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போய்விடும். அந்தத் துணியை அடுப்பருகே போடுதல் கூடாது.

நம் தட்பவெப்பத்தில் இரும்பின் பகை துரு. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்தபின் கருவிகளைத் துடைத்து, இயந்திர எண்ணெயோ தேங்காயெண்ணெயோ தோய்த்த துணியால் மெல்லத் தடவி வைக்க வேண்டும். தோட்டத்தில் இன்னொரு பகையும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தின் ஆவி இரும்பை விரைந்து அரிக்கும். ஆகவே பால் உறையவைக்கும் கொட்டகையிலும், அமிலக் கலன்களையும் பால்வாளிகளையும் வைக்கும் மூலையிலும் பெட்டியை வைத்தல் ஆகாது.

மலாக்கா நகரில் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம் அமைந்த வீதியின் பெயர் ஜாலான் துக்காங் எமாஸ். அதையடுத்து ஜாலான் துக்காங் பெசி. துக்காங் என்றால் கைவினைஞர். பொற்கொல்லரும் கருமாரும் தம் தொழிலால் வீதிக்கே பெயர் தந்த ஊர் இது. இக்காலத்தில் கைத்தொழிலுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஜாசின், மஸ்ஜித் தானா முதலிய இடங்களில் உள்ள சமூகக் கல்லூரிகள் பொதுமக்களுக்குக் குறுகியகாலப் பயிற்சிகள் நடத்துகின்றன. தச்சுவேலை சார்ந்த பயிற்சி எப்போது தொடங்கும் என்பதை அங்கே நேரில் விசாரிக்கலாம். வகுப்பறைக்குச் செல்ல இயலாத, ஆனால் வேலை தெரிந்தவர்க்கு வேறொரு வழி உண்டு. மனிதவள அமைச்சின்கீழ் இயங்கும் திறன் மேம்பாட்டுத் துறை, முன்னனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்குகிறது. விண்ணப்பிப்பவர் தாம் செய்த வேலைகளுக்குச் சான்றுகளைத் தொகுத்துக் காட்ட வேண்டும். ஆகவே இப்பெட்டிக்கு முதற்பலகையை அறுக்கும் நாளிலிருந்தே கைத்தொலைபேசியில் படம் எடுத்து, பின்புறத்தில் தேதியும் அளவும் எழுதி ஒரு கோப்பில் சேர்த்து வருக. அந்தக் கோப்பையும் பெட்டியின் மூடிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.